ஒரே ஒரு பூ!

மன்னாதி மன்னரைத் தலை குனிய வைத்த தேநீர் ஆசான் ரிக்யூவின் கதை

வீட்டுக்குச் சிநேகிதர்கள் வரப் போகிறார்கள். கூடத்தில் பூ வைக்க வேண்டும். கொல்லையில் பூத்துக் குலுங்குகிறது. நீங்கள் எத்தனை பூப் பறிப்பீர்கள்?

கை கொண்ட மட்டும் பறிப்போம் என்றுதான் சொல்வீர்கள். ஆனால், ஜப்பான் தேசத்தில் ஏறக்குறைய 430 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவர், தோட்டம் நிறையப் பூத்திருந்தும், ஒரே ஒரு பூவைத்தான் வைத்தார். அதைப் பார்த்து, நாட்டையே ஆண்டு கொண்டிருந்த சர்வாதிகாரி வாயடைத்துப் போனார். பூ வைத்தவரின் புகழ் எட்டுத் திக்கும் பரவியது. கடைசியில் அந்தச் சர்வாதிகாரியின் கட்டளைப்படியே அவர் உயிரையும் விட நேர்ந்தது.

அவர் பெயர் சென் நோ ரிக்யூ. அரசரும் அல்ல, படைத் தலைவரும் அல்ல. நண்பர்களை வீட்டுக்கு அழைத்துத் தேநீர் கொடுப்பதுதான் அவர் வித்தை!

வியாபாரி மகன்

ரிக்யூ 1522-ம் ஆண்டு சகாய் என்ற துறைமுகப் பட்டினத்தில் பிறந்தார். இது ஓசகா நகருக்குப் பக்கத்தில் இருக்கிறது. தந்தை, மீன் வியாபாரத்தோடு சம்பந்தப்பட்ட கிடங்குகளின் சொந்தக்காரர். குடும்பத்துக்குப் பண வசதி உண்டு. ஆனால் பிரபு வம்சம் அல்ல.

அந்தக் காலத்தில் ஜப்பான் முழுவதும் ஒரே சண்டை. ஊருக்கு ஊர் குறுநில மன்னர்கள். இன்று நண்பன், நாளை பகைவன். இந்த அமளிக்கு நடுவே சகாய் வியாபாரிகள் தங்கள் ஊரைத் தாங்களே நிர்வாகம் செய்து வந்தார்கள். வெளிநாட்டுக் கப்பல்கள் வந்தன. பணம் புரண்டது. பணம் இருந்த இடத்தில் பொழுது போக்கும் இருந்தது. அவற்றில் முதன்மையானது தேநீர் விருந்து.

தேநீர் என்றதும் நாம் குடிக்கும் பாலும் சர்க்கரையும் சேர்த்த டீயை நினைத்துக் கொள்ளக் கூடாது. பச்சைத் தேயிலையைக் கல் இயந்திரத்தில் அரைத்து மாவு போலப் பொடி செய்வார்கள். பொடியைக் கிண்ணத்தில் இட்டு, வெந்நீர் விட்டு, மூங்கிலால் செய்த சிறு மத்தினால் நுரை வரக் கடைவார்கள். இதுதான் அவர்கள் தேநீர். புத்த பிட்சுக்கள் சீனாவிலிருந்து கொண்டு வந்த வழக்கம் இது. தியானத்தில் தூக்கம் வராமல் இருக்க அவர்கள் இதைக் குடித்தார்கள்.

பின்னால் இது பெரிய மனிதர்களின் ஆடம்பரமாகி விட்டது. சீனாவிலிருந்து வந்த கிண்ணங்களையும் ஜாடிகளையும் ஏராளமான பொருள் கொடுத்து வாங்கி, விருந்தாளிகளிடம் காட்டிப் பெருமை அடித்துக் கொண்டார்கள்.

இது போதாது, தேநீரில் வேண்டியது எளிமைதான் என்று முதலில் வழி காட்டியவர் முராதா ஜூகோ என்பவர். அந்த வழியில் வந்தவர் சகாய் நகரத்துத் தகேனோ ஜோவோ. வாலிபனாக இருந்த ரிக்யூ, இந்த ஜோவோவிடம் சீடராகச் சேர்ந்தார். புத்த மடங்களில் தியானமும் பயின்றார்.

அவர் சீடராகச் சேர்ந்த காலத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. தோட்டத்தைப் பெருக்கும்படி ஆசிரியர் சொன்னாராம். சீடர் ஓர் இலை கூட இல்லாமல் துடைத்து வைத்தது போலப் பெருக்கினார். ஆனாலும் அவருக்குத் திருப்தி உண்டாகவில்லை. ஒரு மரத்தைப் பிடித்து மெல்ல உலுக்கினார். சில இலைகள் உதிர்ந்து தரையில் விழுந்தன. அப்போதுதான் தோட்டம் தோட்டமாக இருந்தது! நடந்ததோ இல்லையோ, ரிக்யூவின் மனத்தைக் காட்ட இதைவிட நல்ல கதை இல்லை.

தாழ்ந்த வாசல்

நாட்டில் சண்டையிட்டுக் கொண்டிருந்த தலைவர்களில் ஓடா நோபுநாகா என்பவர் கை ஓங்கியது. சகாய் நகரமும் அவருக்குப் பணிந்தது. அவருக்குத் தேநீரில் மோகம் அதிகம். சகாய் ஊரின் தேநீர் ஆசான்களைத் தம்மிடம் அமர்த்திக் கொண்டார். அவர்களில் ரிக்யூவும் ஒருவர். 1582-ம் ஆண்டு, நோபுநாகாவின் தளபதி ஒருவரே துரோகம் செய்து அவரை வளைத்துக் கொண்டார். நோபுநாகா உயிரிழந்தார்.

அவருக்குப் பின் அதிகாரத்தைப் பிடித்தவர் ஹிதேயோஷி. ஏழைக் குடும்பத்தில் பிறந்து, சாதாரணச் சேவகனாகத் தொடங்கி, நாட்டையே ஆளும் நிலைக்கு உயர்ந்தவர் இவர். மகா புத்திசாலி. மகா பிடிவாதக்காரர். ரிக்யூ இவரிடம் தலைமைத் தேநீர் ஆசான் ஆனார். வெறும் ஆசான் மட்டும் அல்ல. ஆலோசகர் போலவும் இருந்தார். ஹிதேயோஷியிடம் ஒரு காரியம் ஆக வேண்டுமானால் முதலில் ரிக்யூவைப் பார்க்க வேண்டும் என்று பிரபுக்கள் நினைக்கும் அளவுக்கு அவருக்குச் செல்வாக்கு இருந்தது.

இந்தக் காலத்தில் ரிக்யூ அமைத்ததாகக் கருதப்படும் ஒரு தேநீர் அறை இன்றும் இருக்கிறது. கியோட்டோ நகருக்கு அருகே யமசாகி என்ற இடத்தில் உள்ள அந்த அறைக்குத் தைஆன் என்று பெயர். ஜப்பான் அரசாங்கம் அதைத் தேசியச் செல்வமாகப் பாதுகாத்து வருகிறது. அதன் அளவைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். இரண்டே இரண்டு பாய் விரிக்கும் இடம். அதாவது, சுமார் 6 அடி நீளம், 6 அடி அகலம்! மண் பூசிய சுவர். காகிதம் ஒட்டிய சிறு ஜன்னல்கள்.

அதன் வாசல் இன்னும் விசேஷம். உயரம் சுமார் இரண்டரை அடிதான். யாராக இருந்தாலும் குனிந்து, முழங்காலால் ஊர்ந்துதான் உள்ளே போக வேண்டும். இத்தகைய அறைக்குள் வாளோடு போகிற வழக்கம் இல்லை. வாளை வெளியே வைத்து விட்டுத்தான் போக வேண்டும். உள்ளே போனபின் பிரபு, வியாபாரி என்ற பேதம் கிடையாது. எல்லோரும் விருந்தாளிகள்.

வாளையே நம்பி வாழ்ந்த காலத்தில், வாள் இல்லாமல் நான்கு பேர் முழங்கால் இடிக்க உட்கார்ந்து தேநீர் குடிப்பது சாதாரண விஷயமா? ரிக்யூ சாதித்தது அதுதான்.

பூவின் முறை

ரிக்யூவின் விருந்தில் பூவுக்குத் தனி இடம் உண்டு. அறையின் ஒரு பக்கத்தில் சுவரோடு உள்ளடங்கினாற் போல ஒரு மாடம் இருக்கும். விருந்தாளிகள் முதலில் வரும்போது அங்கே எழுத்துச் சுருள் ஒன்று தொங்கும். எளிய சாப்பாடு முடியும். விருந்தாளிகள் சிறிது நேரம் தோட்டத்துக்குப் போவார்கள். அதற்குள் வீட்டுக்காரர் சுருளை எடுத்து விட்டு, அந்த இடத்தில் பூவை வைத்து விடுவார். திரும்பி வருகிறவர்கள் கண்ணில் அந்தப் பூதான் முதலில் படும். தேநீரின் முக்கியமான கட்டம் அதற்குப் பிறகுதான்.

அந்தக் காலத்தில் பெரிய மாளிகைகளில் பூ அலங்காரம் என்றால் பிரமாதமாக இருக்கும். பைன் மரக் கிளை, தாமரை, பலவகைப் பூக்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிய ஜாடியில் உயரமாக நிறுத்துவார்கள். மலையையும் அருவியையும் கண் முன்னே கொண்டு வந்தது போல இருக்கும். அதற்கென்று பரம்பரை ஆசான்கள் இருந்தார்கள்.

ரிக்யூ அதைச் செய்யவில்லை. அவர் வழி மிகவும் எளியது. பூ வயலில் எப்படி இருக்குமோ, அப்படி இருக்க வேண்டும் என்பதே அவர் சொன்ன விதி. கம்பி கட்டி வளைப்பது, முட்டுக் கொடுப்பது எல்லாம் கிடையாது. அந்தந்தப் பருவத்தில் பூப்பது எதுவோ, அதுவே போதும். ஒன்று, இரண்டு, மிஞ்சினால் மூன்று. பூவைக் கையில் வைத்துப் பார்த்து, அது எந்தப் பக்கம் சாய விரும்புகிறதோ அந்தப் பக்கம் சாயும்படி பாத்திரத்தில் இட்டு விட வேண்டியதுதான். மேலே சிறிது தண்ணீர் தெளித்தால் பனித்துளி போல நிற்கும்.

எல்லாப் பூவும் ஆகாது. அறையில் வாசனைக் கட்டை புகைவதால், வாசம் தூக்கலாக உள்ள பூக்களை வைக்க மாட்டார்கள். கோழிக்கொண்டைப் பூவும், மாதுளம்பூவும் ஆகாது என்று தேநீர் நூல்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். நாலு பேர் உட்கார்ந்து பேசும் இடத்தில் பூ நான், நான் என்று முன்னால் வந்து நிற்கக் கூடாது என்பது கருத்து.

ஒரு சமயம் ஒருவர் ரிக்யூவிடம் வந்து, தேநீர்க் கலையின் ரகசியம் என்ன என்று கேட்டாராம். ரிக்யூ ஏழு விஷயங்களைச் சொன்னார். தேநீர் குடிப்பதற்கு நன்றாக இருக்க வேண்டும். தண்ணீர் கொதிக்கும்படி கரியை அடுக்க வேண்டும். கோடையில் குளுமையும், குளிர் காலத்தில் வெதுவெதுப்பும் தெரிய வேண்டும். பூ, வயலில் உள்ளபடி இருக்க வேண்டும். எதையும் நேரத்துக்கு முன்பே செய்து முடிக்க வேண்டும். மழை பெய்யாவிட்டாலும் குடை தயாராக இருக்க வேண்டும். உடன் இருக்கும் விருந்தாளிகளின் மனத்தை அறிந்து நடக்க வேண்டும்.

இவ்வளவுதானா, இது எனக்கே தெரியுமே என்று வந்தவர் அலட்சியமாகச் சொன்னார். இவற்றை ஒழுங்காகச் செய்து காட்டினால் நானே உமக்குச் சீடனாகிறேன் என்று ரிக்யூ பதில் சொன்னாராம்!

காலையில் வந்த அதிகாரம்

இனி அந்த ஒற்றைப் பூவின் கதைக்கு வருவோம். ரிக்யூ இறந்து நூறு ஆண்டுகளுக்குப் பிறகு எழுத்தில் ஏறிய கதை இது. ஜப்பானில் இதை அறியாதவர்கள் குறைவு.

ரிக்யூவின் தோட்டத்தில் ஒரு கொடிப்பூ பூத்திருந்தது. அதிகாலையில் விரிந்து, வெயில் ஏறியதும் வாடி விடும் பூ. ஜப்பானியர் அதற்கு அசகாவோ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காலை முகம் என்று அதற்கு அர்த்தம். அந்தக் காலத்தில் அது அரிதாகவே கண்ணில் படும் பூ. தோட்டமெங்கும் அது பூத்துக் கிடக்கும் அழகை ஊரே பேசியது. பேச்சு ஹிதேயோஷியின் காதுக்கும் எட்டியது. காலைத் தேநீருக்கு வருவதாக அவர் சொல்லி அனுப்பினார்.

சொன்னபடி காலையில் வந்தார். தோட்டத்துக்குள் நுழைந்தார். என்ன ஆச்சரியம்! கொடியில் ஒரு பூக் கூட இல்லை. யாரோ அத்தனையையும் பறித்து எறிந்து விட்டார்கள். நாட்டை ஆளுகிறவரை வரச் சொல்லி விட்டு இப்படியா செய்வது? ஹிதேயோஷிக்கு ஆத்திரம் பொங்கியது. அதே ஆத்திரத்தோடு குனிந்து, ஊர்ந்து, தேநீர் அறைக்குள் நுழைந்தார்.

நிமிர்ந்து பார்த்தார். மங்கலான மாடத்தில் ஒரே ஒரு பூ. அப்போதுதான் விரிந்தது போன்ற புதுமையோடு அது நின்று கொண்டிருந்தது.

தோட்டத்தில் ஆயிரம் பூக்களைப் பார்த்திருந்தால் ஒன்றையும் உற்றுப் பார்த்திருக்க மாட்டார். இப்போது அந்த ஒரு பூவை விட்டு அவர் கண் நகரவில்லை. கோபம் போன இடம் தெரியவில்லை.

அந்த ஒரு பூவுக்காக மற்ற எல்லாப் பூக்களையும் வெட்டிய கொடுமையைக் கண்டு மனம் கசப்பவர்களும் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால், எதையும் நிறையக் குவித்தே பழகிய ஒரு மனிதருக்கு ஒன்றின் அருமையைக் காட்ட ரிக்யூவுக்கு வேறு வழி தோன்றவில்லை போலும்!

இன்னொரு முறை ஹிதேயோஷி அவரைச் சோதிக்க நினைத்தார். அகலமான பாத்திரம் நிறையத் தண்ணீர் வைத்து, பக்கத்தில் சிவப்புப் பிளம் மரத்தின் பூத்த கிளை ஒன்றையும் வைத்து, இதில் பூ வைத்துக் காட்டும்படி உத்தரவிட்டார். தட்டையான பாத்திரத்தில் கிளை எப்படி நிற்கும்? சுற்றி இருந்தவர்கள் கையைப் பிசைந்தார்கள். ரிக்யூ கொஞ்சமும் தயங்கவில்லை. கிளையைத் தலைகீழாகப் பிடித்து, கையால் உருவி விட்டார். பூவும் மொட்டும் தண்ணீரில் விழுந்து மிதந்தன. அதைவிட அழகாக யாரால் வைக்க முடியும்? எப்படியாவது ரிக்யூவைத் திகைக்க வைக்கலாம் என்று எண்ணிய ஹிதேயோஷிதான் திகைத்துப் போனார்.

தங்க அறை

ஆனாலும் இருவர் மனமும் இரு துருவங்கள். ரிக்யூவுக்கு மண் சுவர் பிடித்தது. ஹிதேயோஷிக்குத் தங்கம் பிடித்தது. சுவர், கூரை எல்லாம் தங்கத் தகடு பதித்த ஒரு தேநீர் அறையை அவர் செய்து வைத்திருந்தார். கழற்றி எடுத்துப் போய் வேறு இடத்தில் பூட்டலாம். 1586-ம் ஆண்டு அதை அரண்மனைக்கே கொண்டு போய்ச் சக்கரவர்த்திக்குத் தேநீர் கொடுத்தார். அதற்கு முந்திய ஆண்டு, 1585-ல், அரண்மனையில் நடந்த தேநீர் விருந்துக்காகத்தான் ரிக்யூ என்ற பட்டப் பெயர் நம் ஆசானுக்குக் கிடைத்தது. சாதாரணக் குடிமகன் அரண்மனைக்குள் நுழையக் கூடாது அல்லவா? அதற்காக வந்த பெயர் அது. சரித்திரத்தில் அதுவே நிலைத்து விட்டது.

1587-ம் ஆண்டு கியோட்டோவில் கிதானோ கோயில் பைன் தோப்பில் ஹிதேயோஷி மாபெரும் தேநீர்த் திருவிழா நடத்தினார். பணக்காரன், ஏழை, குடியானவன் யார் வேண்டுமானாலும் வரலாம். ஒரு கெண்டியும் ஒரு கிண்ணமும் இருந்தால் போதும். தேயிலை இல்லாதவர்கள் வறுத்த மாவைக் கரைத்துக் கொடுத்தாலும் சரி என்று பறை சாற்றினார்கள். தோப்பு முழுவதும் தேநீர்க் குடில்கள் முளைத்தன. பத்து நாள் என்று அறிவித்த விழா ஒரே நாளில் நின்று விட்டது.

1590-ல் ஹிதேயோஷி ஒடாவரா கோட்டையை முற்றுகை இட்டார். பாசறையில் ரிக்யூவும் இருந்தார். அங்கே கிடைத்த மூங்கிலை வெட்டிப் பூப்பாத்திரங்கள் செய்தார். அவற்றில் ஒன்றில் கீறல் விழுந்திருந்தது. பூ வைத்தால் தண்ணீர் கசிந்து பாயை நனைக்கும். அது கசிவதில்தான் அதன் அழகே இருக்கிறது என்பது ரிக்யூவின் எண்ணம். ஒன்ஜோஜி கோயிலில் உள்ள கீறல் விழுந்த மணியை நினைத்து அந்தப் பாத்திரத்துக்கு ஒன்ஜோஜி என்றே பெயர் வந்தது. தங்கத்துக்கும் சீனத்து ஜாடிக்கும் இல்லாத மதிப்பு ஒரு மூங்கில் துண்டுக்கு வந்தது! இன்றும் அது டோக்கியோ தேசியக் கண்காட்சிச் சாலையில் இருக்கிறது.

அதே ஒடாவராவில்தான் ரிக்யூவின் அருமைச் சீடர் யமனோஉவே சோஜி, ஹிதேயோஷியின் கோபத்துக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். வரப் போகும் ஆபத்துக்கு அது முன் அறிவிப்பு.

மரச் சிலை

கியோட்டோவில் உள்ள தைதோகுஜி மடத்தின் வாசல் கோபுரத்துக்கு மாடி கட்ட ரிக்யூ பொருள் கொடுத்திருந்தார். நன்றிக்கு அடையாளமாக மடத்துக்காரர்கள் அவரைப் போல ஒரு மரச் சிலை செய்து அந்த மாடியில் வைத்தார்கள். நான் அந்த வாசலில் நுழையும்போது என் தலைக்கு மேல் இவன் கால் இருப்பதா என்று ஹிதேயோஷி சீறினார். இரண்டரை அடி வாசலில் குனிந்து நுழைந்தவருக்கு இந்த வாசல் பொறுக்கவில்லை!

இது மட்டும்தான் காரணமா? தேநீர்ச் சாமான்களை ரிக்யூ அதிக விலைக்கு விற்றார் என்றும் குற்றம் சாட்டினார்கள். ஹிதேயோஷி அவர் மகளை விரும்பிக் கேட்டு ரிக்யூ மறுத்தார் என்றும் ஒரு பேச்சு உண்டு. ரிக்யூவுக்கு ஆதரவாக இருந்த ஹிதேயோஷியின் தம்பியும் 1591-ம் ஆண்டுத் தொடக்கத்தில் இறந்து விட்டார். அதற்குப் பின் காப்பாற்ற ஆள் இல்லை.

முதலில் ரிக்யூவைச் சொந்த ஊரான சகாய்க்குப் போய் அடங்கி இருக்கும்படி உத்தரவு வந்தது. நேற்று வரை அவர் வீட்டு வாசலில் காத்துக் கிடந்த பிரபுக்கள் ஒருவரும் தலை காட்டவில்லை. பயம்! ஹொசொகாவா, புருதா ஒரிபே என்ற இரண்டு சீடர்கள் மட்டும் படகுத் துறைக்கு வந்து தூரத்தில் நின்று வழி அனுப்பினார்கள். ஒரே ஒரு பூவின் அருமையை உலகுக்குக் காட்டியவருக்கு, இரண்டே இரண்டு நண்பர்களின் அருமை அன்று தெரிந்திருக்கும்.

ஹிதேயோஷியின் தாயார் மூலமோ மனைவி மூலமோ மன்னிப்புக் கேட்டால் உயிர் பிழைக்கலாம் என்று சிலர் சொல்லி அனுப்பினார்களாம். ரிக்யூ கேட்கவில்லை. மரச் சிலையைக் கீழே இறக்கிப் பாலத்தடியில் கட்டி வைத்தார்கள். ரிக்யூவைக் கியோட்டோவுக்குத் திருப்பி அழைத்து, தம் கையாலேயே உயிரை மாய்த்துக் கொள்ளும்படி கட்டளை இட்டார்கள். வீட்டைச் சுற்றிப் படை வீரர்கள் காவல் நின்றார்கள்.

நம் கணக்குப்படி 1591 ஏப்ரல் 21. இடியும் மழையுமாக இருந்த நாள் என்பார்கள். ரிக்யூ கட்டளையை நிறைவேற்றினார். ஜப்பானியக் கணக்கில் அப்போது அவருக்கு வயது 70.

கடுகுப் பூ

ரிக்யூ போய் விட்டார். ஆனால் ஹிதேயோஷியால் அவரை மறக்க முடியவில்லை. பின்னால் எழுதிய ஒரு கடிதத்தில் ரிக்யூ முறைத் தேநீரைப் பற்றி ஆசையோடு குறிப்பிட்டிருக்கிறார். சில ஆண்டுகளில் ரிக்யூவின் குடும்பம் மீண்டும் தலை எடுக்கவும் அனுமதி கிடைத்தது. 1598-ல் ஹிதேயோஷி இறந்தார். அடுத்த 17 ஆண்டுகளில் அவர் வம்சமும் அழிந்தது.

ரிக்யூவின் வம்சமோ வளர்ந்தது. அவர் பேரன் சோதான், எந்த அரசரிடமும் வேலைக்குப் போகாமல் ஏழ்மையிலேயே காலம் தள்ளித் தாத்தாவின் வழியைக் காப்பாற்றினார். அவருடைய மூன்று புதல்வர்கள் மூன்று கிளைகளை நிறுவினார்கள். உராசென்கே, ஒமோதேசென்கே, முஷாகோஜிசென்கே என்ற அந்த மூன்றும் இன்றும் கியோட்டோவில் தேநீர்க் கலையைக் கற்பிக்கின்றன. வெளிநாட்டவர்களும் அங்கே போய்ப் படிக்கிறார்கள்.

ஆண்டுதோறும் மார்ச் மாதக் கடைசியில் ரிக்யூவுக்கு நினைவு நாள் கொண்டாடுகிறார்கள். அன்று அவர் படத்துக்கு முன் வைப்பது ரோஜா அல்ல, தாமரையும் அல்ல. வயலில் மஞ்சளாகப் பூக்கும், நம் கடுகுப் பூவின் இனத்தைச் சேர்ந்த சாதாரணப் பூ! ரிக்யூ உயிர் விட்ட அன்று அவர் அறையில் இருந்தது அந்தப் பூதான் என்பது நம்பிக்கை. நினைவு நாள் வரும் வரையில் அந்தப் பூவைத் தேநீர் அறையில் வைக்காமல் காத்திருப்பவர்களும் உண்டு.

அடுத்த முறை உங்கள் வீட்டுக்குச் சிநேகிதர்கள் வரும்போது, அதிகாலையில், வெயில் ஏறுவதற்கு முன் தோட்டத்துக்குப் போங்கள். பூத்ததில் ஒன்றைக் காம்போடு பறித்து வந்து, வீட்டில் இருக்கும் ஒரு சின்னச் செம்பில் தண்ணீர் விட்டு வையுங்கள். மற்றவை செடியிலேயே இருக்கட்டும். வருகிறவர்கள் அந்த ஒரு பூவைப் பார்த்து ஒரு கணம் பேச்சை நிறுத்தினால், ரிக்யூ உங்கள் வீட்டுக்கும் வந்து போனார் என்று அர்த்தம்.